அடியில் இருக்கும் படம்

சினிமாவில் சைத்ரிகர் படம் எழுதும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கதாநாயகி கன்னத்தில் கை வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கதாநாயகன் தூரிகையை எடுப்பான், பாட்டு ஆரம்பமாகும். முதல் சரணத்தில் புருவம், இரண்டாவது சரணத்தில் உதடு, பாட்டு முடிகிறபோது முழு உருவமும் தயார்! அவன் சட்டையில் ஒரு சொட்டு வர்ணம் சிந்தியிருக்காது. கதாநாயகி ஓடிவந்து எட்டிப் பார்த்து வெட்கப்படுவாள்.

பாட்டுக்கு அவ்வளவு நேரம் போதும். எண்ணெய் வர்ணத்துக்குப் போதாது. பழைய முறைப்படி ஒரு முகத்தை எழுதத் தொடங்கும் சைத்ரிகர், முதல் நாள் உதட்டுப் பக்கமும் புருவத்துப் பக்கமும் போகவே மாட்டார். திரைச்சீலையில் முதலில் தெரிவது சேற்றைப் பூசியது போன்ற ஒரு மங்கல் உருவந்தான். "இதுவா நான்?" என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கோபம் வந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த மங்கல் உருவம் காயவேண்டும். அதன்மேல் வேறொரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொன்று என்று, வீடு கட்டுகிற மாதிரி அஸ்திவாரத்திலிருந்து படம் மேலே வருகிறது. கண்மணியில் மினுக்குகிறதே ஒரு வெள்ளைப் புள்ளி, அது கிருகப்பிரவேசத்தன்று வாசலில் கட்டும் மாவிலைத் தோரணம் மாதிரி. எல்லாம் முடிந்த பிறகுதான் வரும்.

அஸ்திவாரம் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் சமீப வருஷங்களில் விஞ்ஞானிகள் அகச்சிவப்புக் கதிரையும் எக்ஸ்ரேயையும் துணைக்கு வைத்துக்கொண்டு உலகப் பிரசித்தமான சித்திரங்களின் அடியில் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே என்னென்ன ஒளிந்துகொண்டிருந்தன தெரியுமா? ஒரு வீட்டில், பாத்திரம் மாட்டும் பலகை. குழந்தைத் துணி உலர்த்தும் கூடை! அந்தக் கதைக்குப் போவதற்கு முன், படம் படிப்படியாக எப்படி வளர்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஹாலந்து தேசத்தில், 17-ஆம் நூற்றாண்டில், அரண்மனைகளிலும் மாதா கோயில்களிலும் மட்டுமல்ல, நடுத்தரக் குடும்பங்களின் சுவர்களிலும் எண்ணெய் வர்ணப் படங்கள் தொங்கின. ரொட்டிக் கடைக்காரர்கூடப் படம் வாங்குவார். மனிதர்களின் உருவப் படத்தைப் போலவே, பூச்சாடி, பழத்தட்டு, மீன், ரொட்டி இவற்றை மட்டும் எழுதும் படங்களுக்கும் நல்ல கிராக்கி. இப்போது 'ஸ்டில் லைஃப்' என்கிறோமே, அந்தப் பெயரே 'ஸ்டில்லேவன்' என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அங்கே ஒரு சைத்ரிகர் என்ன செய்வார்? மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மிருகத் தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைத் தடவுவார். எண்ணெய் நேராகத் துணியில் பட்டால் நாளடைவில் துணி இற்றுப் போய்விடும். அதற்கு இது காப்பு. அதன்மேல் சுண்ணக்கட்டித் தூள், ஈய வெள்ளை, கொஞ்சம் பழுப்பு மண் எல்லாம் குழைத்து ஓர் அடிப்பூச்சு. இது பளிச்சென்ற வெள்ளையாக இராது. பெரும்பாலும் சந்தன நிறமாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். நிறம் நடுத்தரமாக இருந்தால், நிழலுக்குக் கொஞ்சம் கறுப்பு, வெளிச்சத்துக்குக் கொஞ்சம் வெள்ளை என்று இரண்டு பக்கமும் போகலாம் அல்லவா?

பிறகு கோட்டுருவம். அதற்குப் பிறகுதான் நான் சொன்ன அந்தச் சேற்று உருவம். டச்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'டோட்வெர்ஃப்'. 'செத்த வர்ணம்' என்று அர்த்தம்! பழுப்பு, கறுப்பு, கொஞ்சம் வெளிறிய நிறங்கள் இவற்றைக் கொண்டு எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு, எது முன்னால், எது பின்னால் என்று மட்டும் தீர்மானித்துவிடுவார்கள். முகத்தில் உயிர் இருக்காது. ஆனால் மண்டை ஓடு சரியான இடத்தில் இருக்கும். ஆப்பிளில் சிவப்பு இருக்காது. அதன் உருண்டை இருக்கும். மேலே எத்தனை அழகான வர்ணம் பூசினாலும் இந்தச் செத்த வர்ணம் தப்பாக இருந்தால் படம் தேறாது. சாம்பாரில் பருப்பு வேகாத மாதிரிதான். கடைசியில் எவ்வளவு கொத்தமல்லி தூவினாலும் பிரயோஜனம் இல்லை.

இனி, காயவேண்டும். இந்த இடத்தில் ஒரு விசித்திரத்தைச் சொல்லவேண்டும். நாம் வடாம் பிழிந்து மாடியில் காயப்போட்டால் என்ன ஆகிறது? அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போகிறது. வடாம் எடை குறைகிறது. எண்ணெய் வர்ணம் அப்படிக் காய்வதில்லை. சைத்ரிகர்கள் உபயோகிக்கும் ஆளிவிதை எண்ணெய், காற்றிலிருக்கும் பிராணவாயுவை உள்ளே இழுத்துக்கொண்டு இறுகுகிறது. காயக் காய முதலில் அதன் எடை கூடுகிறது! அவசரப்படுத்தினால் அது கேட்காது. மெல்லிய பூச்சுக்கு நாட்கள். கனத்த பூச்சுக்கு வாரங்கள். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப்போக எண்ணெய் அதிகமாகவும் இருக்கவேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிட்டு, அடியில் இருப்பது பின்னால் இறுகினால், மேல்தோல் வெடித்துவிடும். கோடைக்குளத்துச் சேறு மாதிரி பாளம் பாளமாகப் பிளந்த பழைய படங்கள் சிலவற்றுக்கு இந்த அவசரந்தான் காரணம்.

அடி காய்ந்ததும் நிஜமான வர்ணங்கள் வரும். கனமாக, ஒளி ஊடுருவாமல் பூசுவது ஒன்று. கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் பூசுவது இன்னொன்று. இந்தக் கண்ணாடிப் பூச்சில்தான் மாயமெல்லாம் இருக்கிறது. சிவப்புப் பட்டை எழுதவேண்டுமா? முதலில் சாதிலிங்கத்தால் மடிப்புகளை எழுதிக் காயவிடுவார்கள். பிறகு, நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த சாயத்தை எண்ணெயில் கலந்து அதன்மேல் ஒரு பூச்சு. வெளிச்சம் மேல் சாயத்துக்குள் புகுந்து, அடியில் உள்ள சாதிலிங்கத்தில் பட்டுத் திரும்பி வெளியே வருகிறது. அந்தச் சிவப்பை இரண்டு வர்ணத்தையும் தட்டில் குழைத்து ஒரேயடியாகப் பூசிக் கொண்டுவர முடியாது. குழைத்தால் வெறும் சிவப்பு, அடுக்கினால் பட்டு.

சாஸ்திரம் இவ்வளவு போதும். இனி ஆசாமியைப் பார்ப்போம்.

டெல்ஃப்ட் என்ற ஊரில் யொஹான்னஸ் வெர்மீர் என்று ஒருவர் இருந்தார். மிகவும் நிதானமான மனிதர். அவருடையவை என்று இன்று தெரியவருகிற படங்கள் 37-ஐத் தாண்டவில்லை. மனைவி, மாமியார், வீடு நிறையக் குழந்தைகள். 1675-ல் தமது 43-ஆவது வயதில் அவர் காலமானபோது 11 குழந்தைகளும் கடனும் மிஞ்சியிருந்தன. ரொட்டிக் கடைப் பாக்கி மட்டும் 600 கில்டருக்கு மேல்! அதற்கு ஈடாக அவர் மனைவி கதரினா இரண்டு படங்களை ரொட்டிக் கடைக்காரரிடம் கொடுக்கவேண்டியிருந்தது. அந்தக் கடைக்காரர் இன்று இருந்திருந்தால் ஹாலந்துக்கே பெரிய பணக்காரராக இருந்திருப்பார் என்பது வேறு விஷயம்.

இவருடைய படங்களில் நீங்கள் கட்டாயம் பார்த்திருக்கக்கூடிய ஒன்று, 1665-ஐ ஒட்டி எழுதியது. நீலத் தலைப்பாகையும் காதில் முத்துமாக ஒரு பெண் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறாள். உதடு கொஞ்சம் திறந்திருக்கிறது. என்னவோ சொல்ல வந்தவள் போல. காலண்டர், சாக்லெட் டப்பா எதையும் விட்டுவைக்காமல் அச்சிட்டாகிவிட்டது. 1881-ல் ஏலத்துக்கு வந்தபோது இந்தப் படம் போன விலை இரண்டே கில்டர். வாங்கியவர் இறந்தபின் 1902-ல் தி ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹாய்ஸ் காட்சி சாலைக்கு வந்து சேர்ந்தது.

2018-ஆம் வருஷம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தக் காட்சி சாலையிலேயே ஒரு கண்ணாடி அறை அமைத்து, ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு வாரம் இரவு பகலாக இந்தப் பெண்ணைச் சோதித்தார்கள். முகத்தைச் சுரண்டவில்லை, பயப்படாதீர்கள்! அகச்சிவப்புக் கதிர் மேல் வர்ணங்களைக் கடந்து உள்ளே போகும். கறுப்புக் கோடுகளில் தட்டி நிற்கும். எக்ஸ்ரே, ஈய வெள்ளை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இப்படிப் பல கதிர்கள், பல படங்கள்.

வெர்மீர் முதலில் பழுப்பும் கறுப்புமாகத்தான் இந்தப் பெண்ணை எழுதியிருக்கிறார். மெல்லிய கறுப்புக் கோட்டால் அவள் உருவத்தை வரைந்திருக்கிறார். பிறகு காது இருந்த இடம் பிடிக்கவில்லை, தள்ளி எழுதியிருக்கிறார். தலைத்துணியின் உச்சியையும் கழுத்தின் பின்புறத்தையும் மாற்றியிருக்கிறார். வர்ணம் போட்ட வரிசையும் தெரிந்தது. பின்னால் இருப்பது முதலில், முன்னால் இருப்பது பின்னால். முதலில் பின்னணி, பிறகு முகம், பிறகு மஞ்சள் சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டி, தலைத்துணி, எல்லாவற்றுக்கும் கடைசியில் முத்து. பெண்கள் அலங்காரம் செய்துகொள்கிற வரிசையேதான்! சட்டையை மாட்டிக்கொண்ட பிறகல்லவா தோட்டைப் போட்டுக்கொள்வோம்?

அந்த முத்துக்கு வளையமே கிடையாது. காதில் எதனால் தொங்குகிறது என்று தேடினால் ஒரு கொக்கிகூட இல்லை. மேலே வெளிச்சம் விழும் ஒரு தடித்த வெள்ளைத் திட்டு, கீழே கழுத்துப்பட்டியின் பிரதிபலிப்பாக ஒரு மெல்லிய வெள்ளைப் பூச்சு. அவ்வளவுதான் முத்து. மிச்சத்தை நம் கண் போட்டுக்கொள்கிறது. இமைமயிர் இல்லாதவள் என்று எல்லாரும் நினைத்திருந்த இந்தப் பெண்ணுக்குச் சன்னமான இமைமயிர்கள் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. தூரிகையிலிருந்து உதிர்ந்த மயிர்கள் சிலவும் வர்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

இதைவிட ஆச்சரியம் பின்னணி. இன்று அது வெறும் இருட்டாக இருக்கிறது. "ஆகா, சூனியத்திலிருந்து திரும்பிப் பார்க்கிறாள்!" என்று எத்தனையோ ரசிகர்கள் உருகி எழுதியிருக்கிறார்கள். அங்கே இருந்தது சூனியம் இல்லை. மடிப்பு மடிப்பாகத் தொங்கிய ஒரு பச்சைத் திரை. கறுப்பின்மேல் அவுரி நீலத்தையும் ஒரு செடியிலிருந்து எடுத்த மஞ்சள் சாயத்தையும் கலந்து கண்ணாடிப் பூச்சாகப் பூசியிருந்தார் வெர்மீர். இரண்டும் வெளிச்சம் பட்டால் வெளுக்கும் சாயங்கள். 350 வருஷத்தில் திரை போயே போய்விட்டது. ஆனால் லாபிஸ் லாசுலி என்னும் ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்து எடுத்த தலைத்துணியின் நீலம் இன்றும் ஜ்வலிக்கிறது. சாயம் போகுமா போகாதா என்று கடைக்காரரை மூன்று தரம் கேட்டு விட்டுத்தான் புடவை எடுக்கவேண்டும் என்பது பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம். வெர்மீருக்கும் தெரியாமல் இராது. ஆனாலும் அந்தப் பச்சை அவருக்கு வேண்டியிருந்தது.

*

காலம் அழித்தது அது. சைத்ரிகரே அழித்தது ஒன்று உண்டு.

ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் மியூசியத்தில் வெர்மீர் எழுதிய 'பால்காரி' இருக்கிறாள். நிஜத்தில் அவள் பால் விற்பவள் அல்ல. சமையற்கட்டில் வேலை செய்யும் பெண். வாட்டசாட்டமான தேகம், சுருட்டி விட்ட கைகள். ஜன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு ஒரு குடுவையிலிருந்து பாலைச் சன்னமாக ஊற்றுகிறாள். மேஜைமேல் கூடை நிறைய ரொட்டி. ரொட்டியின் மேல்தோலில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெறிக்கிறது. அதை மட்டும் தனியாக வெட்டி எடுத்து மாட்டினாலும் அற்புதமான 'ஸ்டில் லைஃப்' ஆகிவிடும். அவளுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். ஆணி அடித்த அடையாளமும், ஓர் ஓட்டையும், காரை பெயர்ந்த இடமும் தெரிகிற சாதாரண சுவர். 1658-க்கும் 1660-க்கும் இடையில் எழுதியது. ஒன்றரை அடி உயரந்தான். ஆனால் எதிரே நின்றால் அந்தச் சமையற்கட்டின் நிசப்தம் காதில் கேட்கும் என்று சொல்கிறார்கள். பால் விழும் சத்தந்தான் மிச்சம்.

2023-ல் அந்த மியூசியம் வெர்மீரின் 28 படங்களை ஒன்றுசேர்த்து ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அதற்கு ஆயத்தமாக இந்தப் படத்தின் அடியில் பார்த்தார்கள். 2022 செப்டம்பரில் விவரம் வெளிவந்தது. அந்த வெள்ளைச் சுவர் முதலில் வெள்ளையாக இல்லை! பெண்ணின் தலைக்குப் பின்னால் ஒரு பலகையும், அதில் கைப்பிடியால் வரிசையாக மாட்டிய குவளைகளும் இருந்தன. கீழே வலது மூலையில், பிரம்பு போல மிலாறுகளால் பின்னிய ஒரு கூடை. அந்தக் காலத்தில் அதற்குள்ளே தணல் சட்டியை வைத்து, பச்சைக் குழந்தைக்குக் கதகதப்பு ஊட்டவும் குழந்தைத் துணிகளை உலர்த்தவும் உபயோகிப்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டுச் சாமான். வெர்மீர் வீட்டில் அதற்கு ஓய்வே இருந்திராது!

இரண்டையும் கறுப்பு வர்ணத்தால் சரசரவென்று கோட்டுருவமாகப் போட்டுவிட்டு, பிறகு மூடிவிட்டார். கூடை இருந்த இடத்தில் ஒரு சின்னக் கால்காய்ச்சும் பெட்டியும், சுவரோரம் ஒரு வரிசை டெல்ஃப்ட் ஓடுகளும் வந்தன. குவளைப் பலகை இருந்த இடத்தில் ஒன்றுமே வரவில்லை. சுவர்தான் வந்தது.

குவளைகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள். தலைக்குமேல் வரிசையாகக் குவளைகள். நம் கண் அவளைவிட்டு அலமாரிப் பக்கம் போய்விடும். "எத்தனை குவளை?" என்று எண்ண ஆரம்பித்துவிடுவோம். சமையற்கட்டு நிறைந்திருக்கும், அவள் குறைந்திருப்பாள். ஒரு சாமானைச் சேர்ப்பதற்குப் பெரிய தைரியம் வேண்டாம். பாதி எழுதிய சாமானைத் தூக்கிப் போடத்தான் தைரியம் வேண்டும். படிப்படியாக எழுதுவதில் இந்தச் சௌகரியம் இருக்கிறது. செத்த வர்ணத்திலேயே மனசு மாறிவிட்டால் நஷ்டம் அதிகமில்லை.

*

மேஜைமேல் இருக்கும் ரொட்டி காத்திருக்கும். பூ காத்திருக்குமா?

டச்சுப் பூச்சாடிப் படங்களைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வசந்தத் தொடக்கத்தில் பூக்கும் டூலிப்பும், கோடையில் பூக்கும் ரோஜாவும், அதற்கும் பின்னால் பூக்கும் மலர்களும் ஒரே சாடியில் ஒன்றாக மலர்ந்து நிற்கும். எந்தத் தோட்டத்திலும் எந்த நாளும் அப்படி ஒரு செண்டு கட்ட முடியாது. சைத்ரிகர் இந்தப் பூவை ஏப்ரலிலும் அந்தப் பூவை ஜூனிலும், பழைய மாதிரிப் படங்களைப் பார்த்து இன்னும் சிலவற்றையுமாக எழுதிச் சேர்த்திருப்பார். ஆக, படத்தில் இருப்பது ஒரு சாடி அல்ல, ஒரு வருஷம்.

யான் வான் ஹாய்சம் என்பவர் இதில் மகா பிடிவாதக்காரர். 1742-ல் ஒரு பிரபுவுக்காகப் படம் எழுதிக்கொண்டிருந்தார். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, சென்ற வருஷம் மஞ்சள் ரோஜா கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் முடித்திருப்பேன் என்று பதில் எழுதினார்! லண்டன் நேஷனல் காலரியில் உள்ள அவருடைய பூச்சாடிப் படம் ஒன்றில் 1736, 1737 என்று இரண்டு வருஷங்களையும் போட்டே கையெழுத்திட்டிருக்கிறார். தையற்காரர்கள் யாராவது இந்தச் சமாதானத்தைக் கற்றுக்கொண்டு விடப் போகிறார்களே என்று பயமாக இருக்கிறது.

அவருக்கு முந்தியே பூப்படத்தில் கொடி கட்டிப் பறந்தவர் ஓர் அம்மையார். ராஹேல் ராய்ஸ் என்று பெயர். 1664-ல் பிறந்தவர். தகப்பனார் பிரபல உடற்கூற்று நிபுணர். தாவர சாஸ்திரமும் அறிந்தவர். செடி கொடி, பூச்சி, பல்லி எல்லாம் பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே பரிச்சயம். 15 வயதில் ஒரு சைத்ரிகரிடம் வேலை பழகப் போனார். 1693-ல் கலியாணம். மாப்பிள்ளை யூரியானும் சைத்ரிகர்தான். அவர் மனித முகங்களை எழுதுபவர். வீட்டில் ஒரு பக்கம் உருவப் படம், இன்னொரு பக்கம் பூச்சாடி! 1701-ல் தி ஹேக் சைத்ரிகர் சங்கத்தில் சேர்ந்தார். அங்கத்தினராகச் சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர்தான். பிறகு ஜெர்மனியில் டுஸல்டார்ஃப் மன்னருக்கு ஆஸ்தான சைத்ரிகர் ஆனார். படம் ஒன்றுக்கு ஆயிரம் கில்டர்கூட வாங்கியிருக்கிறார். இத்தனைக்கும் நடுவே 10 குழந்தைகள் பெற்றார்.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்துப் பிள்ளை பெற்றவள், ஒரு ரோஜா இதழின் விளிம்பில் பனித்துளி எழுத எங்கிருந்து நேரம் பிடித்தாள்? வேலைக்காரர்கள் இருந்தார்கள், வசதியான குடும்பம், அதெல்லாம் சரி. ஆனால் எண்ணெய் வர்ணத்தின் குணமும் அவருக்குத் துணை செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஈரச் சுவரில் எழுதுகிறவர் ஈரம் போவதற்குள் முடிக்கவேண்டும். நீர் வர்ணத்துக்கும் அவசரம் உண்டு. இந்த எண்ணெய் வர்ணமோ, "போய்விட்டு வா, நான் காய்ந்துகொண்டிருக்கிறேன்" என்கிறது. இன்று இலைகளின் அடிப்பூச்சு. நாளைக்குக் குழந்தைக்கு ஜுரம். நாலு நாள் கழித்து வந்தால் அது தயாராகக் காத்திருக்கும். படி படியாகப் பிரித்த வேலையை இடையில் வைத்துவிட்டு எழுந்து போகலாம். ராஹேல் 83 வயதிலும் எழுதினார். தள்ளாத காலத்துப் படங்களில் கையெழுத்துக்குப் பக்கத்தில் தம் வயதையும் பெருமையாக எழுதி வைத்தார். வயதைச் சொல்லும் பெண்மணி! 1750-ல் காலமானார். 2024-லும் 2025-லும் மியூனிக் நகரிலும் பிறகு அமெரிக்காவிலும் அவர் படங்களை முக்கியமாக வைத்துப் பெரிய கண்காட்சிகள் நடந்தன.

எல்லாப் பெண்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அடுக்கடுக்காக எழுதும் முறையில் ஒரு சங்கடம் உண்டு. அந்தக் காலத்துப் பட்டறைகளில் அடிப்பூச்சைச் சிஷ்யன் போடுவான். மேல் பூச்சைக் குரு போடுவார். "இதில் யார் கை எவ்வளவு?" என்று கேட்டால் சொல்வது கஷ்டம். வான் ஹாய்சம், தாம் வேலை செய்யும் இடத்துக்குள் யாரையும் விடாதவர். அவரிடம் வேலை கற்றுக்கொள்ள முடிந்தவர் மார்கரெட்டா ஹாவர்மன் என்ற ஒரு பெண். பாரிஸுக்குப் போன இவரை 1722-ல் அங்குள்ள ராயல் அகாடமி அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருஷமே நீக்கிவிட்டது. அவர் காட்டிய படம் அவருடையது அல்ல, குரு எழுதியது என்று பேச்சுக் கிளம்பியதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு பெண் அவ்வளவு நன்றாக எழுதினால், அடியில் வேறு யாராவது இருக்கவேண்டும் என்று நினைத்தார்கள் போலும். 1716-ல் அவர் கையெழுத்திட்ட ஒரு பூச்சாடிப் படம் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. திராட்சை, பீச் பழம், பூச்சிகள் எல்லாம் சேர்ந்த படம். கையெழுத்தோடு இன்றைக்கு மிஞ்சியிருக்கும் அவர் படங்கள் இரண்டே இரண்டு.

பழைய டச்சுப் பூப்படங்கள் பலவற்றில் இலைகள் நீலமாக இருக்கும். "அந்த ஊரில் இலை நீலமா?" என்று கேட்காதீர்கள். நீலத்தின்மேல் மஞ்சள் சாயத்தைக் கண்ணாடிப் பூச்சாகப் பூசிப் பச்சையாக்கியிருப்பார்கள். மஞ்சள் வெளுத்துப் போய், அடியில் இருந்த நீலம் வெளியே வந்துவிட்டது. முத்துக்காரியின் பச்சைத் திரைக்கு நேர்ந்த கதிதான்.

பூ வாடுகிறது, பழம் அழுகுகிறது என்ற தொல்லை 200 வருஷத்துக்குப் பின்னாலும் தீரவில்லை. பிரான்சு தேசத்தில் பால் செசான் என்பவருக்கு இது பெரிய தலைவலி. அவர் எழுதுகிற வேகத்தில் ரோஜா வதங்கி உதிர்ந்தே போய்விடும். கடைசியில் காகிதப் பூவை வைத்து எழுதினார்! டச்சுக்காரர்களைப் போல் அடியிலிருந்து மேலே போகிறவர் அல்ல இவர். இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு என்று படம் முழுவதையும் ஒரே சமயத்தில் நகர்த்திக்கொண்டே போவார். ஒவ்வொரு திட்டும் பக்கத்துத் திட்டோடு பொருந்தவேண்டும். அதனால் ஒவ்வொரு நாளும் படம் ஏதோ ஒரு கட்டத்தில் இருக்கும். முடிந்த கட்டம் மட்டும் வராது.

அம்ப்ருவாஸ் வொலார் என்ற பட வியாபாரி 1899-ல் பாரிஸில் அவரிடம் தம் உருவப் படத்துக்காக உட்கார்ந்தார். அந்த அனுபவத்தைப் பிற்காலத்தில் புஸ்தகமாக எழுதியிருக்கிறார். ஒரு பெட்டியின்மேல் நாற்காலி; ஆடினால் விழும் என்கிற மாதிரி ஏற்பாடு. காலையில் வந்து மணிக்கணக்காக அசையாமல் இருக்கவேண்டும். ஒரு நாள் பாவம், தூக்கம் வந்துவிட்டது. தலை சாய்ந்தது, நாற்காலி, பெட்டி, வொலார் எல்லாமே தரையில்! செசான் ஓடி வந்து அடி பட்டதா என்று கேட்கவில்லை. நிலையைக் கெடுத்துவிட்டீரே, ஆப்பிள் மாதிரி இருக்கச் சொன்னேனே, ஆப்பிள் எங்கேயாவது அசையுமா என்று சண்டை பிடித்தார். அன்றிலிருந்து வொலார் கடுங்காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

115 தடவை இப்படி உட்கார்ந்ததாக அவர் கணக்குச் சொல்கிறார். அதற்குப் பிறகு செசான் படத்தை அப்படியே வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். திருப்தியா என்று கேட்டதற்கு, சட்டையின் முன்பக்கம் மோசமில்லை என்ற அளவில் ஒப்புக்கொண்டார். முகத்தைப் பற்றிப் பேச்சில்லை!

வொலாரின் கண்ணை உறுத்தியது வேறொன்று. படத்தில் அவர் கையில் இரண்டு சின்ன இடங்களில் வர்ணமே படாமல் வெறும் துணி தெரிந்தது. அதைச் சுட்டிக் காட்டினார். செசான் சொன்ன பதிலின் சாரம் இது: லூவர் காட்சி சாலைக்குப் போய்ப் பழைய சித்திரங்களைப் பார்த்துவிட்டு வந்தால், ஒருவேளை நாளைக்கு அந்த இடத்துக்குச் சரியான நிறம் கிடைக்கலாம். ஏதோ கைக்கு வந்த வர்ணத்தை அங்கே வைத்துவிட்டால், அதற்குத் தக்கபடி படம் முழுவதையும் அந்த இடத்திலிருந்து மறுபடியும் எழுதவேண்டியதாகிவிடும்.

வொலாருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். இன்னொரு 115 தடவை யாரால் உட்கார முடியும்? அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. படம் இப்போது பாரிஸில் பெட்டி பலே என்ற காட்சி சாலையில் இருக்கிறது. பழுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக வொலார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த இரண்டு இடங்களையும் செசான் கடைசிவரை நிரப்பவில்லை.